கப்புக்கு அல்ல... காலேஜ் சீட்டுக்குத்தான் இந்த ஓட்டம்! பள்ளி மாணவிகள் கூடைப்பந்தில் நடப்பது என்ன?

தேனி:

மாநில அளவிலான பள்ளி மாணவிகள் கூடைப்பந்து போட்டி. 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. அரை இறுதி ஆட்டம்.

முடிய 9 வினாடிதான் பாக்கி. எங்கள் மாவட்ட அணி 2 புள்ளி பின்னால் நிற்கிறது. எதிர் அணி 'பவுல்' செய்ததால் 2 ப்ரீ த்ரோ கிடைத்தது. எறிய வந்து நின்றவள் ஒரு பிளஸ்-2 மாணவி.

முதல் பந்து வலைக்குள் விழுந்தது. இரண்டாவது ரிங்கில் பட்டு, ஒரு சுற்று சுற்றி, வெளியே விழுந்தது. அதை எதிர் அணி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

வெளியே வந்த அந்தப் பொண்ணு அழவில்லை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். "மாமா... மூணாவது வரிசையில நோட்டு வெச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவரு போயிட்டாரா?"

அவள் என் அக்கா மகள். பெயரைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால் பள்ளியின் பெயரும் இங்கே கிடையாது.

யார் அந்த 'நோட்டு' ஆள்?

அவர் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து கோச். மாநில போட்டி எங்கே நடந்தாலும் இப்படி நாலைந்து பேர் கேலரியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எந்தப் பொண்ணு உயரம், யார் கையில் பந்து நிற்கிறது, தோற்கும்போதும் யார் ஓடுகிறாள் என்று பார்த்து குறித்துக்கொள்வார்கள். பிடித்துப்போனால் ஆட்டம் முடிந்ததும் பி.டி. டீச்சரிடம் வந்து பேசுவார்கள். சென்னை, கோவையில் மகளிர் அணி வைத்திருக்கும் சில கல்லூரிகளில் நல்ல ஆட்டக்காரிக்கு படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே இலவசம்.

நாம் பேப்பரில் என்ன போடுகிறோம்? 'இந்த அணி வெற்றி, அந்த அணி தோல்வி, கலெக்டர் பாராட்டு' என்று 3 வரி. (நானும் அப்படித்தான் 10 வருஷமாக எழுதி அனுப்புகிறேன்.) ஆனால் மைதானத்தில் ஓடும் பிள்ளைகளுக்கு கப்பு இரண்டாவது விஷயம். அந்த 3-வது வரிசைதான் முதல் விஷயம்.

அந்த இடம் வரைக்கும் வருவதே லேசான காரியம் இல்லை. பள்ளிக்கல்வித்துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுகளில் முதலில் குறுவட்ட போட்டி, பிறகு வருவாய் மாவட்ட போட்டி, அதில் ஜெயித்தால்தான் மாநில போட்டி. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். எத்தனை பள்ளி ஆடி, எத்தனை பள்ளி கழிந்து கடைசியில் மாவட்டத்துக்கு ஒரு அணி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் கணக்கு

இங்கேதான் பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது.

மாநில போட்டியில் ஆடினாலே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கிடையாது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழ் தனித்தனி படிவமாக இருக்கிறது. படிவம்-1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. படிவம்-2 தேசிய போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்களுக்கு. படிவம்-3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளது படிவம்-4. அதுவும் தேசிய பள்ளி விளையாட்டில் மாநில பள்ளி அணிக்காக ஆடியிருந்தால்தான் உண்டு.

தேசிய போட்டிக்குப் போகும் மாநில பள்ளி அணியில் எத்தனை பேருக்கு இடம்? 12 பேருக்கு. 38 மாவட்டத்திலிருந்தும் வந்து ஆடுகிறார்கள், 12 பேர் படிவம்-4 வாங்குகிறார்கள். மற்ற பிள்ளைகள் கையில் இருப்பது மாநில அளவில் பங்கேற்ற சான்றிதழ். அதை வைத்து மத்திய அரசு வேலை கோட்டா வாசல்படியைக்கூட மிதிக்க முடியாது.

அப்படியானால் அந்தத் தாள் வீணா? அதுவும் இல்லை. என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே சான்றிதழின் தரத்தைப் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். தேசிய அளவு முன்னால், மாநில அளவு அதற்குப் பின்னால். இன்னொரு வழி அந்த 'நோட்டு' ஆள். அவர் மூலம் கல்லூரிக்குப் போய், கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குப் போனால் படிவம்-3 கிடைக்கும். விட்ட பஸ்சை அடுத்த ஸ்டாப்பில் ஓடிப் பிடிக்கிற மாதிரி.

அதனால்தான் அவள் ஆட்டத்தில் தோற்றதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் போயிட்டாரா என்று கேட்டாள். என்னிடம் இருப்பது பத்தாவது சர்டிபிகேட் ஒன்றுதான். ஒரு தாளுக்காக ஒரு பிள்ளை இப்படி ஓடுவது ஏன் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல்-அமைச்சர் கோப்பை போட்டி வந்த பிறகு காசும் வந்திருக்கிறது. 2024-ல் நடந்த போட்டியில் குழு விளையாட்டில் முதலிடம் பிடித்த அணி வீராங்கனைக்கு தலா ரூ.75 ஆயிரம் பரிசு. நல்ல விஷயம்தான். ஒரு வருஷ குடும்பக் கடனை அடைக்கும். ஆனால் காசு ஒரு தடவை வரும். வேலை மாதாமாதம் வரும்.

பையன்களுக்கு பேங்க்... பொண்ணுங்களுக்கு?

எங்கள் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்து போட்டியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. மே மாதம் மின்னொளியில் ஆட்டம் நடக்கும். மாங்காய் லோடு ஏற்றிவிட்டு வந்தவர்கூட கேலரியில் உட்கார்ந்து எந்த அணியின் 9-ம் நம்பர் எப்படி ஆடுவான் என்று பேசுவார். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை என்று அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. எல்லாம் ஆண்கள் அணி. அங்கே ஆடுபவர்கள் வெறும் ஆட்டக்காரர்கள் இல்லை, சம்பளம் வாங்கும் ஊழியர்கள். கீழே பந்து பொறுக்கிப் போடும் பையன் அதைப் பார்க்கிறான். 'நல்லா ஆடினா பேங்க் வேலை' என்று அவனுக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

பொண்ணுங்களுக்கு அப்படிக் காட்ட இங்கே என்ன இருக்கிறது? தெற்கு ரெயில்வே இருக்கிறது. பெண்கள் கூடைப்பந்து என்றாலே இந்த நாட்டில் ரொம்ப காலமாக ரெயில்வேதான். தேசிய சாம்பியன் பட்டத்தை ரெயில்வே அணி திரும்பத் திரும்ப வாங்குவதற்கு ரகசியம் ஒன்றும் இல்லை. அங்கே வேலை இருக்கிறது, அதனால் நல்ல ஆட்டக்காரிகள் அங்கே போகிறார்கள்.

போடிமெட்டு தாண்டினால் கேரளா. அங்கே மின்சார வாரியமே பெண்கள் கூடைப்பந்து அணி வைத்து, வேலையும் கொடுத்து வளர்க்கிறது. கோவையில் நடக்கும் அகில இந்திய மகளிர் போட்டிக்கு அந்த அணி வந்து ஆடும்போது பார்த்தால் தெரியும். கல்யாணம் ஆன பொண்ணுங்களும் ஆடுவார்கள். கையில் வேலை இருப்பதால் வீட்டில் யாரும் 'போதும், நிறுத்து' என்று சொல்வதில்லை.

தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அதிலும் தேசிய, சர்வதேச சாதனைதான் முன்னால் நிற்கிறது. நம் ஊர்ப் பிள்ளை மாநில அரை இறுதியோடு நின்றால் கணக்கில் வராது.

6-ம் நம்பர் பந்து

ஒரு சின்ன விஷயம். ஆனால் பெரிய விஷயம்.

பெண்கள் ஆடுவது 6-ம் நம்பர் பந்தில். ஆண்கள் ஆடுவது 7-ம் நம்பரில். 6-ம் நம்பர் சுற்றளவும் குறைவு, எடையும் குறைவு. பல பள்ளிகளில் இருப்பது 7-ம் நம்பர் பந்துதான். அதுவும் பையன்கள் ஆடித் தேய்த்தது. வருஷம் முழுக்க கனமான பந்தில் எறிந்து பழகிய கை, போட்டி அன்றைக்கு லேசான பந்தை எடுத்தால் என்ன ஆகும்? கொஞ்சம் கூடுதலாகப் போகும். ரிங்கில் பட்டு வெளியே விழும்.

எங்கள் பிள்ளையின் இரண்டாவது ப்ரீ த்ரோ அதனால்தான் போச்சு என்று நான் சொல்ல வரவில்லை. பதற்றமாகவும் இருக்கலாம். ஆனால் அவளே சொன்னாள். "ஸ்கூல் பந்து கை நிறைய இருக்கும் மாமா. இது பூ மாதிரி இருந்துச்சு."

தரையும் அப்படித்தான். பழகுவது சிமெண்ட் தரையில், சில ஊரில் மண் தரையில். மாநில போட்டி நடப்பது நல்ல கோர்ட்டில். ஷூ வேறு மாதிரி பிடிக்கும், பந்து வேறு மாதிரி எழும்பும். பெரிய ஊர்ப் பள்ளிகளின் பிள்ளைகள் தினமும் அதில்தான் ஆடுகிறார்கள்.

கம்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் அரியானாவில் அடுத்தடுத்து 2 இடங்களில் கூடைப்பந்து கம்பம் சாய்ந்து 2 சிறுவர்கள் பலியானார்கள். உங்கள் பிள்ளை ஆடும் இடத்தில் கம்பத்தின் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்று ஒருநாள் போய் குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

டீச்சர் வராவிட்டால் டீமே இல்லை

பெண்கள் அணி வெளியூர் போக வேண்டுமானால் கூட ஒரு டீச்சர் வர வேண்டும். பி.டி. மாஸ்டர் ஆணாக இருந்தால் வேறு ஒரு டீச்சர் துணைக்குக் கிளம்ப வேண்டும். அவருக்கும் வீடு, குழந்தை, மாமியார் எல்லாம் உண்டு. 3 நாள் வெளியூரில் ஏதாவது ஒரு பள்ளி வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்க யார் வருவார்? மாவட்ட போட்டியில் ஜெயித்தும் டீச்சர் கிடைக்காமல் தவித்த அணியை நானே பார்த்திருக்கிறேன். இது எந்தச் செய்தியிலும் வராது. 'அணி பங்கேற்கவில்லை' என்று மட்டும் வரும்.

பயிற்சியும் அப்படித்தான். காலை 6 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 6 மணி வரை ஒன்று. 2021-ல் நகரப் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்த பிறகு மாவட்ட மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது. காசு மிச்சம். ஆனால் இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு நடக்க வேண்டுமே, அதற்கு யார் டிக்கெட் கொடுப்பது?

டிரவுசர் பேச்சும் ஓயவில்லை. 'வயசுக்கு வந்த புள்ள இப்படி ஓடணுமா' என்று ஏதாவது ஒரு திண்ணையில் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1891-ல் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே பொண்ணுங்களும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். 1893-ல் ஒரு பெண்கள் கல்லூரியில் நடந்த ஆட்டத்தில் பார்வையாளராக ஆண்களை உள்ளே விடவில்லையாம். இங்கே விட்டாலும் வருவதில்லை! பையன்கள் இறுதி ஆட்டம் சாயங்காலம் கூட்டத்தோடு நடக்கும். பொண்ணுங்க ஆட்டத்தை மதிய வெயிலில் வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று சொல்வார்கள்.

அனிதா போன வழி

முடியாது என்று சொல்பவர்களுக்கு சென்னை அனிதா பால்துரையைக் காட்டலாம். 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசிய கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். அப்போது அவர் குழந்தை பெற்று, ஓய்வு எடுத்து, திரும்பி வந்திருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. அவருக்கும் சோறு போட்டது ரெயில்வே வேலைதான் என்பதை மறக்கக்கூடாது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

நோட்டு வைத்திருந்தவர் போகவில்லை. வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். டீச்சரிடம் வந்து, "அந்த 7-ம் நம்பர் புள்ள வீட்டு நம்பர் கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார். பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் பெற்றோரோடு சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பீஸ் கிடையாது, ஹாஸ்டலும் இலவசம்.

என் மச்சான் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள். அக்கா ஒரே வார்த்தையில் "போகட்டும்" என்றாள். மச்சான்தான், "500 கிலோ மீட்டர்டா... கால் ஒடைஞ்சா அவன் சீட்டு வெச்சிருப்பானா?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லூரியில் எழுதி வாங்காமல் சேர்க்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். காயம் பட்டால் பீஸ் கேட்பார்களா, 3 வருஷமும் இலவசமா, முதல் வருஷம் மட்டுமா என்று கேட்டு, லெட்டர் பேடில் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த மாதிரி கூப்பிடும் எல்லா வீட்டுக்கும் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் ஒரு 6-ம் நம்பர் பந்து கேட்டாள். தேனி பஜாரில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். தினமும் சாயங்காலம் 100 ப்ரீ த்ரோ எறிகிறாள். மச்சான் ஆட்டோவை நிறுத்திவிட்டு பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். பதில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.