நடந்து வந்தவர்களின் பேரர்கள் நாம்!

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துத் தேநீர்க் கடை. நடவு நேரம். ஒரு விவசாயத் தொழிலாளி என்னிடம் கோபமாகக் கேட்டார்: "தோழர், வடக்கேயிருந்து வந்தவங்க கும்பலா இறங்கி நடுறாங்க. நம்ம பொம்பளைங்க வரப்புலே நிக்கிறாங்க. இவங்களை ரயிலேத்தி அனுப்பணும்னு சங்கம் ஏன் சொல்லக் கூடாது?"

அவருடைய கோபம் நியாயமானது. வேலை போனவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் அந்தக் கோபம் யார்மேல் பாய வேண்டும்? இதற்குப் பதில் சொல்லுமுன் நம் பாட்டன்மார் கதை ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

தஞ்சை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்தும், ஆந்திர, ஒரிஸ்ஸாக் கரைகளிலிருந்தும் லட்சக்கணக்கான ஜனங்கள் பிழைப்புத் தேடி பர்மாவுக்குப் போனார்கள். ஐராவதிச் சமவெளியில் நெல் அறுத்தார்கள். ரங்கூன் அரிசி ஆலைகளில் மூட்டை சுமந்தார்கள். அவர்கள் போனபோது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தனியே பிரித்தது. இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே நம் ஜனங்கள் அந்நிய நாட்டில் இருப்பவர்களாகிவிட்டார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8ஆம் தேதி நகரம் வீழ்ந்தது. வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் கப்பலில் இடம் பிடித்தார்கள். கூலிக்காரனுக்குக் கால்தான் கப்பல்! சிலர் அரக்கான் மலையைத் தாண்டி அக்கியாப், சிட்டகாங் வழியாக வந்தார்கள். பலர் தமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறி, இம்பாலைக் கடந்து, திமாப்பூர் ரயிலடியை அடைந்தார்கள். கடைசியாகப் புறப்பட்டவர்கள் கொட்டும் மழையில் ஹுகாங் பள்ளத்தாக்கின் காட்டிலும் சேற்றிலும் சிக்கினார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் வழியெங்கும் ஆட்களை வாரிக்கொண்டன. சுமார் நாலு லட்சம் பேர் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மாண்டவர்கள் பல்லாயிரம். அவர்களைச் சரியாக எண்ணிப் பார்த்தவர்கூட இல்லை.

அந்தச் சாவுப் பாதையிலும் வெள்ளைத்தோலுக்குத் தனி மரியாதை! துரைமாருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி. "வெள்ளை வழி", "கறுப்பு வழி" என்றே ஜனங்கள் பேசினார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

என் பாட்டனார் தமு வழியாக நடந்து வந்தவர். மலைமேல் ஒரு குடிசைக்காரி ஊற்றிய கஞ்சியைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு இவர் பாஷை தெரியாது. இவருக்கு அவள் பாஷை தெரியாது.

சரி, பர்மியரில் பலர் நம் ஜனங்களை ஏன் வெறுத்தார்கள்? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பேச்சு முடிந்து இந்தியர் திரும்பியதும் பர்மியரை வெளியே தள்ளினார்கள். தெருவில் ரத்தம் ஓடியது. நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக பர்மிய விவசாயியின் நிலம் செட்டியார் வட்டிக்கடைக்குப் போயிற்று. கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938இல் 25 பங்கு! நிலத்தைப் பிடித்தவன் ஒருவன், ஆளோடு ஆளை மோதவிட்டவன் ஒருவன். அடி வாங்கியது மூட்டை தூக்கியவன்!

1964இல் மீண்டும் அதே கதை. நே வின் சர்க்கார் கடைகளைத் தேசியமயமாக்கியது. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாதென்றது. ஜனங்கள் வெறுங்கையோடு கப்பலில் வந்தார்கள். இங்கே பிழைக்க முடியாமல் திரும்ப நடந்துபோக முயன்றவர்களில் பலர் எல்லையிலேயே நின்று, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள்.

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு, நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்கள். மறுபடி கூலிக்காரன் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தான். மே 8ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர்மீது சரக்கு ரயில் ஏறியது. அவர்களுக்கு அந்நிய நாடுகூட இல்லை, சொந்த நாடுதான்!

இப்போது தேநீர்க் கடைத் தோழருக்கு வருகிறேன். நம் வயலில் நடும் வங்காளியும் பீகாரியும் இங்கே ஆசைப்பட்டு வந்தவர்களா? அவர்கள் ஊரில் பிழைப்பு இல்லை. தரகன் அழைத்து வருகிறான். ஏக்கருக்கு இவ்வளவென்று மொத்தமாகப் பேசிக் கூலியைக் குறைக்கிறான். மிச்சம் தரகனுக்கும் நிலக்காரனுக்கும். 1968இல் இதே கீழத்தஞ்சையில் வெளியூர் ஆளை இறக்கித்தான் கூலிப் போராட்டத்தை உடைக்கப் பார்த்தார்கள். அதன் முடிவில் வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததை நாம் மறக்கவில்லை.

வந்தவனை விரட்டினால் கூலி உயராது. தரகன் நாளை வேறு ஆளைக் கொண்டுவருவான். நம் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: ஊரில் பேசிய கூலி யார் நட்டாலும் ஒன்றே. உள்ளூர்ப் பெண்களுக்கு வேலையில் உரிய பங்கு வேண்டும். வந்தவர் பெயரைப் பதிவு செய்து, தங்க இடமும் வைத்தியமும் தர வேண்டும். சங்கத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

பாஷை தெரியாதே என்கிறீர்களா? என் பாட்டனாருக்குக் கஞ்சி ஊற்றியவளுக்கும் பாஷை தெரியாது, தோழரே!