முதல் பிடி யார் கையில்?

மக்காச்சோள விதை இப்போது பாக்கெட்டில் வருகிறது. எடை அச்சிட்டு, மருந்து பூசி, ரோஸ் நிறத்தில் வருகிறது. அளக்கிற வேலையே கிடையாது. ஆனாலும் பரளச்சிப் பக்கம் ஒரு கரிசல் காட்டில், நிலத்துக்காரர் பாக்கெட்டைக் கத்தரித்து நார்ப்பெட்டியில் கொட்டும்போது முதல் பாக்கெட்டுக்கு “லாபம்” என்றார். அடுத்தது “ரெண்டு”, பிறகு “மூணு”. மரக்காலும் படியும் பரணுக்குப் போய்விட்டன. ‘ஒன்று’ என்பதற்கு ‘லாபம்’ என்று சொல்லும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

முதல் பிடியை எடுத்தவர் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். கைராசிக்காரி என்று பேர். சனி மூலையில் எலுமிச்சம்பழம் வைத்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, நாலு குழியில் விதை போட்டார். வந்திருந்த வேலையாட்களில் ஒரு பெரியம்மா இருந்தார். முப்பது வருஷமாக அந்த மண்ணில் விதை ஊன்றியவர், கணவனை இழந்தவர். பெட்டி வருவதைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, வேலிக்கருவேலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். “வாங்க மதினி, பெட்டி தாண்டிருச்சு” என்று கூட்டத்தில் ஒருத்தி குரல் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். அன்று பொழுது சாய்கிறவரை அந்தக் காட்டில் அதிக விதை ஊன்றிய கை அவருடையதுதான்.

மூடநம்பிக்கையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் எலுமிச்சம்பழத்துக்குள் விஞ்ஞானத்தைத் தேடுவார்கள். சிரிப்பது சுலபம். ‘முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விஞ்ஞானமோ சிரிப்பதற்குக்கூட லாயக்கில்லை. முதலில் நிலத்தைப் பார்க்கலாம்.

பரளச்சி இருக்கும் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாறு மழை பெய்தால் மட்டும் ஆறு. ஆவணி, புரட்டாசியில் மண் புழுதியாகக் கிடக்கும்போதே விதையைப் போட்டுவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார்கள். மழை வந்த பிறகு உழலாம் என்றால் கரிசல் விடாது. ஈரம் பட்டதும் சேறாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். மழை முந்தி ஒரு தூறலாக வந்து நின்றுவிட்டால், முளைத்தது கருகும். பிந்தினால் எறும்பும் மயிலும் விதையைத் தின்னும். சரியாக வந்து, பயிர் தழைத்தால் படைப்புழு வரும், காட்டுப்பன்றி வரும். இத்தனையிலும் விவசாயியின் கைக்குள் இருப்பது பாதிகூட இல்லை. மீதிக்குத்தான் எலுமிச்சம்பழம்.

பப்புவா நியூ கினியாவின் டிரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி இதையே கடலில் பார்த்தார். அமைதியான காயலில் மீன் பிடிப்பதற்கு அந்த மக்களிடம் மந்திரச் சடங்கு எதுவுமில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போது சடங்குமேல் சடங்கு. படகு கட்டும் நுட்பத்தில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். தெரிந்த வேலையைத் தெரிந்தபடி முடித்துவிட்டு, தெரியாத பங்குக்கு மந்திரத்தை வைத்தார்கள். நம் கரிசல்காரரும் விதைநேர்த்தி செய்துவிட்டுத்தான் கும்பிடுகிறார். கும்பிட்டதால் உரத்தைக் குறைப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்தக் காத்திருப்புக்குத் தமிழில் வயது அதிகம். பத்துப்பாட்டிலேயே சிறியதான முல்லைப்பாட்டு, மழைக்கால மாலையில் விரிச்சி என்னும் நற்சொல் கேட்கப் போகும் முதிய பெண்களோடுதான் தொடங்குகிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்பது கேள்வி. நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுதுவிட்டு, ஊருக்கு வெளியே காது கொடுத்து நிற்கிறார்கள். குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆயர் மகள், தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம், உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. அது போதும் அவர்களுக்கு, நற்சொல் கிடைத்துவிட்டது. நாம் இன்றும் ‘போறேன்’ என்பதில்லை, ‘போயிட்டு வர்றேன்’ என்கிறோம். ராத்திரியில் விளக்கை ‘அணை’ என்று சொன்னால் பாட்டி ‘அமத்துன்னு சொல்லு’ என்பாள். இவற்றால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. மழைச்சோறு எடுப்பதும் அப்படித்தான். வீடு வீடாகச் சோறு வாங்கி, ஊர்ப் பொதுவில் ஒன்றாகப் பிசைந்து உண்ணும் பெண்கள் மழையைக் கொண்டுவந்தார்களோ இல்லையோ, பஞ்ச காலத்தில் எல்லார் வீட்டுச் சோற்றையும் ஒரே உருண்டையாக்கினார்கள்.

இனி மாவட்டத்தின் இன்னொரு பக்கம். நாட்டின் பல மூலைகளுக்கும் நாட்காட்டி அச்சடித்து அனுப்பும் சிவகாசி இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். கிழிக்கிற தாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் உண்டு. கணக்கு எளிது. சூரிய உதயத்தை ஆறு மணி என்று வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். ராகுவுக்கு ஒன்று, எமனுக்கு ஒன்று என்று 12 மணி நேரத்தில் 3 மணி நேரம் போய்விடும். திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஏறுவதும், களையெடுக்கும் பெண்கள் காட்டில் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். நல்ல நேரம் பார்ப்பதற்கு முதலில் தன் நேரம் தன் கையில் இருக்க வேண்டும்.

அரசாங்கமும் பஞ்சாங்கத்தை மடக்கி வைத்துவிடவில்லை. சுபமுகூர்த்த நாட்களில் பத்திரப்பதிவுக்குக் கூட்டம் அதிகம் என்பதால், ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100க்குப் பதிலாக 150 டோக்கன் தருவதாகப் பதிவுத்துறை அறிவிக்கிறது.

ஆனால் இதே வட்டாரம்தான் பஞ்சாங்கத்தை ஓரங்கட்டியும் காட்டியது. 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் கிராமத்தில். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. இத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வர 1967 வரை, அண்ணா முதல்வராகும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திருமணத்தின் குறி எலுமிச்சம்பழத்தின் மேல் இல்லை. யார் முன்னால் நிற்கலாம், யார் ஒதுங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தின் மேல் இருந்தது. பகுத்தறிவு பேசுகிறவர்களே பிற்பாடு இந்தக் குறியைத் தவறவிட்டார்கள் என்பது என் எண்ணம். பூனையையும் பல்லியையும் கேலி செய்து தீர்த்ததில், வேலிக்கருவேலுக்கு அந்தப் பக்கம் நின்றவரை மறந்துவிட்டோம்.

ஒரு நம்பிக்கை மூடமா இல்லையா என்பதைவிட, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று நான் கேட்பேன். காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்கள். பன்றிக்கு ஒன்று, கண்ணேறுக்கு ஒன்று. செலவு சேலையோடு போயிற்று. சகுனத்தின் கதை வேறு. அதில் ஒரு மனுஷியே அபசகுனம் ஆகிறார். கைராசிக்காரி என்று முதல் பிடி கொடுத்த மருமகளுக்கும் அந்தப் பட்டம் நிரந்தரமில்லை. மழை பொய்த்தால், ‘இவ வந்த நேரம்’ என்ற பேச்சு அதே திண்ணையிலிருந்துதான் கிளம்பும். வானிலையின் குற்றத்துக்கு வீட்டுக்குள் ஒரு குற்றவாளி கிடைத்துவிடுவார்.

நிச்சயமின்மையைக் குறைத்தால் சடங்கு தானாகவே தளரும் என்பதும் பாதி உண்மைதான். 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும் பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவீதம் வரையும் கட்டுகிறார். வறட்சியில் இழப்பீடு, அறிவிக்கப்பட்ட பகுதியில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்து வருகிறது. தன் காடு காய்ந்து, பகுதிச் சராசரி தேறிவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. ராசி இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரும்வரை சனி மூலையில் கும்பிடு நிற்காது. நிற்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் கூலி வாங்க நீட்டிய கைகளில் அந்தப் பெரியம்மாவின் உள்ளங்கைதான் விதை மருந்தின் நிறம் அப்பி, கழுவியும் போகாமல், அடர் ரோஸாக இருந்தது. காட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆவணியில் பெட்டியை முதலில் அவரிடம் நீட்டுங்கள். எலுமிச்சை இருக்கட்டும், “லாபம்” என்றே எண்ணத் தொடங்குங்கள்.