பாட்டனார் விட்டுச்சென்ற கார்

மரக்காணத்து உப்பளங்களுக்கும் கழுவெளி ஏரிக்கும் அருகமைந்த நம் வானூர் வட்டாரத்தில் வீசும் காற்றிலேயே உப்பு உண்டு. பாத்தியில் நமக்கு உப்பை விளைவித்துத் தரும் அதே கடல், சன்னற் கம்பியையும் கதவுக் கீலையும் அரித்துத் தின்கிறது. இத்தகைய ஊரில் பாட்டனார் வாங்கிய காரைப் பேரன் காலம்வரை ஓடும் நிலையில் வைத்திருப்பது எளிய செயலன்று. ஆயினும் அவ்வாறு காத்துவரும் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

1950களின் இறுதியிலிருந்து 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடர், 1960களில் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை நம் தந்தையர் காலத்துக் கார்கள். திருமண ஊர்வலமும் நள்ளிரவுப் பிரசவப் பயணமும் வேளாங்கண்ணி யாத்திரையும் அவற்றிலேயே நடந்தன. ஆதலால் அவை வெறும் இரும்பல்ல. குடும்பத்தின் நினைவுப் பெட்டகங்கள்.

உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டின்மேல் தங்கவைக்கிறது; அதனால் துரு விரைந்து பரவுகிறது. ஹெரால்டு காரில் அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. பழுதான பகுதியைக் கழற்றிச் செப்பனிடலாம். அம்பாசடரிலோ கூடே சட்டமாகவும் அமைந்திருப்பதால், அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் வலுவே குன்றும். எனவே அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவி, நன்றாய் உலரவிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையால் மூடிவைப்பது தீமையே செய்யும்.

ஆனால் துருவினும் கொடியது ஒன்றுண்டு. தந்தையார் இறந்தபின் கார் யாருக்கு என்று உடன்பிறந்தோர் வழக்காடுகின்றனர். அண்ணன் கொட்டகையைப் பூட்டுகிறார். தம்பி பதிவுப் புத்தகத்தைத் தம் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். தங்கையை எவரும் கேட்பதேயில்லை. ஆண்டுகள் செல்கின்றன. கொட்டகைக்குள் காரும், வெளியே உறவும் ஒருங்கே துருப்பிடிக்கின்றன.

சட்டம் கூறுவதை நாம் அறிந்திருத்தல் நலம். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும் ஏனைய வாரிசுகளின் சம்மதக் கடிதமும் அங்கே கேட்கப்படும். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக. இதில் மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடில்லை. தங்கையைக் கேளாமல் செய்யும் எந்த ஏற்பாடும் நீதியாகாது.

50 ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் மாறாமல் காக்கப்பட்ட வண்டிகளுக்கு 2021இல் மைய அரசு தனி விதி வகுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அவ்வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். காரின்மீது உரிமை கொண்டாடுவோர் இச்செலவையும் கட்டுப்பாட்டையும் ஏற்கத் தாம் ஆயத்தமா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

நல்ல முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கியவர் கோவை ஜி.டி. நாயுடு. அவர் 1974இல் மறைந்தார். அவருடைய குடும்பத்தார் பேணிய பழங்கார்கள் 2015 முதல் கோவையில் அருங்காட்சியகமாய் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளன. ஒரு குடும்பத்தின் செல்வம் ஊர்ப் பிள்ளைகளின் பாடமாயிற்று.

இதனினும் உயர்ந்த ஒரு வழியையும் நினைவுகூர்வோம். 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை; குலுக்கலில் விட்டு, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளர் பணிக்குச் செலவிட்டார். அருமையான பொருளுக்கு அதனினும் அருமையான பயன் கிடைத்தது.

சொத்தைப் பிரித்துத்தரும்படி சகோதரன்மேல் முறையிட்டு வந்த மனிதனுக்கு இயேசு ஆண்டவர் நடுவராய் இருக்க மறுத்துவிட்டார் என்று லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. பேராசையைக் குறித்தே அவனையும் நம்மையும் எச்சரித்தார்.

ஆகவே, பெற்றோரே, உயிரோடிருக்கும்போதே பிள்ளைகள் அனைவரையும் அழைத்துப் பேசி உங்கள் விருப்பத்தை எழுதிவையுங்கள். பிள்ளைகளே, பேணும் மனமும் வசதியும் உள்ளவரிடம் காரை ஒப்படைத்து, மற்றவர் பங்கின் மதிப்பை நேர்மையாய் ஈடுசெய்யுங்கள். பேண எவராலும் இயலாதெனில், விற்றுப் பகிர்ந்துகொள்வதில் இழுக்கில்லை. பாட்டனார் அந்தக் காரை வாங்கியது குடும்பம் ஒன்றாய் அமர்ந்து செல்வதற்காக. அந்த ஒன்றிப்பே அவர் விட்டுச்சென்ற மெய்யான ஆஸ்தி.