இன்ஜினை இறக்கி வேலை பார்க்கிறதா, புதுசு போடுறதா?

டிஸ்கி: இது கார் பதிவு. ஆணி புடுங்குற மக்கள் ஓட வேண்டாம், நடுவுல நம்ம பொழப்பும் கொஞ்சம் வரும் :-)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பழைய அமெரிக்க மசில் காருக்கு இன்ஜின் போச்சுன்னா, "எதுக்கு மாரடிக்கிற, புதுசு ஒண்ணு வாங்கிப் போடு"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க பேச்சுல நியாயம் இருக்கு. ஆனா எல்லா வண்டிக்கும் அந்த நியாயம் செல்லாதுங்கறது என் கட்சி.

இப்போ எதுக்கு இந்தப் பேச்சுன்னா, என்கூட வேலை பார்க்கிற மிச்சிகன்காரர் ஒருத்தர் வீட்ல 1969 மாடல் போண்டியாக் ஜிடிஓ நிக்குது. அவங்க அப்பா போண்டியாக் ஊர்லயே, அந்த ஃபாக்டரியிலயே வேலை பார்த்தவர். புதுசா வாங்கின வண்டி. பெரியவர் போன வருஷம் தவறிட்டார். வண்டி நீலப்புகை தள்ளுது, சூடானா ஆயில் பிரஷர் இறங்கிடுது. மகனுக்கு எல்எஸ்3 இன்ஜின் போட்டு, சாவியைத் திருப்பினதும் கிளம்புற வண்டியா ஆக்கணும்னு ஆசை. அம்மா "அப்புறம் அது உங்கப்பா வண்டி இல்லை"ங்கறாங்க. "நீ என்ன நினைக்கிற?"ன்னு என்கிட்ட கேட்டார். வாயைக் கொடுத்தா சும்மா விடுவோமா?

முதல்ல மகன் கட்சி. எல்எஸ்3 6.2 லிட்டர், அலுமினிய பிளாக், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், 430 குதிரைத்திறன். 1969 ஜிடிஓவோட சாதாரண இன்ஜின் 400 கன அங்குலம், அதாவது 6.6 லிட்டர், 350 குதிரைத்திறன். வித்தியாசம் 80 தானேன்னு நினைக்காதீங்க. அந்தக் காலத்துல ஃபேன், சைலன்சர் எல்லாம் கழட்டி வெச்சுட்டு அளந்த கணக்கு அது. 1972 மாடல்லேருந்துதான் எல்லாத்தையும் மாட்டி அளக்கிற நெட் கணக்கு வந்துச்சு. அப்படிப் பார்த்தா நிஜ வித்தியாசம் இன்னும் அதிகம். குளிர்ல கிளம்புறது, மைலேஜ், புகை எல்லாத்துலயும் புதுசுதான் ஜெயிக்கும். இதுல சண்டையே இல்லை.

ஆனா இன்ஜின் மட்டும் வந்தா போதாது. அதுக்கு ஹை பிரஷர் பம்ப் வேணும், கம்ப்யூட்டர் வேணும், வயரிங், மவுண்ட், ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், அநேகமா கியர்பாக்ஸும் வேணும். இன்ஜின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுறது, சர்வர் விலையைப் பார்த்து மைக்ரேஷனுக்கு எஸ்டிமேட் குடுக்கிற மேனேஜர் கணக்குதான். பாதி வேலையில பணம் தீர்ந்து, பிரிச்சுப் போட்டபடி விற்பனைக்கு வர்ற வண்டிகளுக்குப் பின்னாடி பல தடவை இந்தக் கணக்குதான் இருக்கும்.

இப்போ அம்மா கட்சி. வெறும் சென்டிமெண்ட்னு ஒதுக்க முடியாது. எல்எஸ் குடும்பம் செவர்லே வழி வந்தது, முதல்ல 1997 கார்வெட்ல வந்துச்சு. போண்டியாக் வி8 தனிப் பிறவி. அந்தக் காலத்துல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குள்ளயே போண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக் எல்லாம் தனித்தனியா இன்ஜின் செஞ்சாங்க. 1977ல ஓல்ட்ஸ்மொபைல் கார்ல செவர்லே 350 இன்ஜின் இருக்கிறதை வாங்கினவங்க கண்டுபிடிச்சு, கோர்ட் வரைக்கும் போய், கம்பெனி காசு கொடுத்து சமரசம் பண்ண வேண்டியதாச்சு. "இது என் வண்டியோட இன்ஜின் இல்லை"ங்கற கோபம் அம்மாவுக்கு மட்டும் வந்ததில்லை. 2010ல போண்டியாக் பிராண்டையே மூடியாச்சு. இருக்கிற இரும்பு இருக்கிறதுதான்.

இங்க ஒருத்தர் குறுக்கே விழுவார்: "ஜிடிஓவே இன்ஜின் மாத்திப் பிறந்ததுதானே?" சரிதான். 1964ல நடுத்தர சைஸ் டெம்பஸ்ட் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல கூடாதுன்னு கம்பெனி விதி. அதை சமாளிக்க, பெரிய கார்ல வர்ற 389 இன்ஜினை ஆப்ஷன்ங்கற பேர்ல உள்ளே தள்ளினாங்க ஜான் டிலோரியன் கோஷ்டி. இன்ஜின் மாத்துறதையே பாவம்னு சொல்ற சுத்த சைவ கோஷ்டிக்கு இது நல்ல பதில். ஆனா அவங்க போட்டதும் போண்டியாக் இன்ஜின்தான். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, கடைசியில உதவும்.

என் முதல் கேள்வி பணமோ, பவரோ இல்லை: வண்டியோட பிறந்த இன்ஜின்தானா இது? 1968லேருந்து பிளாக்ல வண்டி நம்பரோட ஒரு பகுதியைக் குத்தியிருப்பாங்க. ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகலைன்னா, யாரோ எப்பவோ மாத்திட்டாங்க. தாராளமா எல்எஸ் போடுங்க, ஒரு குத்த உணர்ச்சியும் வேணாம். இவரோடது ஒத்துப் போகுது.

ரெண்டாவது கேள்வி: இன்ஜின் நிஜமாவே போச்சா? லாக் ஃபைலைப் பார்க்காமலே "எல்லாத்தையும் திரும்ப எழுதணும்"னு சொல்ற ஆளுங்க நம்ம ஆபீஸ்ல இருக்காங்க இல்லையா, அதே கதைதான் இங்கயும். கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்க. குறைவா வந்த சிலிண்டர்ல ப்ளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. பிரஷர் ஏறினா ரிங் தேய்ஞ்சிருக்கு, ஏறலைன்னா பெரும்பாலும் வால்வு பக்கம் ஒழுகுது. ராத்திரி பூரா நின்னு காலையில கிளப்பும்போது மட்டும் நீலப்புகைன்னா வால்வு சீல்தான் முதல் சந்தேகம். அதை இன்ஜினை இறக்காமலே மாத்தலாம். ஆயில் பிரஷருக்கு ஒரு நல்ல மீட்டரைத் தனியா மாட்டிப் பாருங்க, டேஷ்போர்டு முள்ளை நம்பி முடிவெடுக்காதீங்க. அதுலயும் குறைவுன்னா பேரிங்கோ பம்போ தேய்ஞ்சிருக்கும், இறக்கித்தான் ஆகணும்.

இறக்கினா சும்மா ரிங் மாத்தி மூடுறதோட நிக்காதீங்க. பிளாக்ல கீறல் இருக்கான்னு பார்க்கணும், சிலிண்டர் சுவர் தடிமன் அளக்கணும். சரியா இருந்தா ரீபோர், வழக்கமா 30 தௌ. பிஸ்டன் புதுசு. ஹெட்ல எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டிப்படுத்தின வால்வு சீட் போடணும். ஏன்னா ஈயம் கலந்த பெட்ரோல்தான் பழைய சீட்டைக் காப்பாத்துச்சு, ரோட்ல ஓடுற வண்டிகளுக்கு 1996லயே அமெரிக்கா அதைத் தடை பண்ணிடுச்சு. 10.75 கம்ப்ரஷனை இன்னைய பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி இறக்கறதும் நல்லது. பழைய மாதிரி கேம்ஷாஃப்டே வெச்சா, ஜிங்க் அதிகம் இருக்கிற ஆயில் ஊத்தணும். செவர்லே வி8 வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த நம்பர் ஹெட் உட்கார்ற மட்டத்துலயே இருக்கு. பிளாக்கை சீவும்போது நம்பரும் சேர்ந்து போயிடும். பட்டறையில முன்னாடியே சொல்லி வைங்க.

என் கட்சிக்கு எதிரா நானே ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு ரீபோரும் திரும்பி வராத இரும்பு. புது இன்ஜின் போட்டு, பழசுக்கு கிரீஸ் தடவி ஓரமா வெச்சா, அதுதான் திரும்பப் போகக்கூடிய மாற்றம். வண்டியில எதையும் வெட்டக்கூடாது, அவ்வளவுதான். தர்க்கப்படி இது பலமான வாதம். ஆனா ஓரமா வெச்ச இன்ஜின் பல தடவை ஓரத்துலயே இருந்துடும். அடுத்த தலைமுறை கேரேஜைக் காலி பண்ணும்போது அதுவும் எடைக்குப் போகும். ஓடுற இன்ஜினை யாரும் எடைக்குப் போட மாட்டாங்க.

அதனால அவருக்கு நான் சொன்னது இதுதான். முதல்ல டெஸ்ட். பிளாக் நல்லா இருந்தா, இறக்கி வேலை பாருங்க. கீறலோ, சுவர் மெலிசோன்னா, இன்னொரு போண்டியாக் 400 இல்லை 455 தேடுங்க. வெளி அளவு ஒண்ணுதான், அதனால காரை வெட்டாம உட்காரும். 1964ல டிலோரியன் கோஷ்டி பண்ணின அதே வேலை! அப்பாவோட பிளாக்கைப் பத்திரமா வைங்க. எல்எஸ்3 ஆசை இருந்தா, இன்ஜின் இல்லாம அனாதையா நிக்கிற வேற வண்டி ஒண்ணு வாங்கி அதுல போடுங்க.

வேகம் வேணும்னா இன்னைக்கு ஷோரூம்லயே கிடைக்குது. ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவுல பழைய வண்டிகள் வரிசையா போகும், 1995லேருந்து நடக்குது. டெட்ராய்ட்டுல கிளம்பி போண்டியாக் ஊருக்குப் போற ரோடு அது. அங்க அந்தம்மா பக்கத்து சீட்ல உட்கார்ந்து கேட்கப் போறது 430 குதிரையை இல்லை.

எல்எஸ் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆனா கம்ப்ரஷன் டெஸ்ட் ரிசல்ட்டோட வாங்க :-)