வாசிக்கக் கேட்டவர்கள்



பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதம் ஒருமுறை சிலர் கூடிப் புத்தகம் வாசிக்கிறார்கள். எழுத்தறிந்தவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு பேசுவார்கள். நானும் போய் உட்காருவதுண்டு.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' வாசித்த அன்று, "பழைய அழுகையை ஏன் கிளறுகிறோம்?" என்றான் ஓர் இளைஞன். கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டி ஒருவர், "எங்கம்மா கதையப்பா இது" என்றார்.

டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், தமிழில் 'எரியும் பனிக்காடு'. அது ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியது. "நம்ம கங்காணிதான் அங்கே மேஸ்திரியா?" என்று சிரித்தார்கள். சிரிப்பில் கசப்பும் இருந்தது.

அடுத்தது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய், காடு வெட்டிக் கமம் செய்து, யுத்தத்தில் அதையும் இழந்து திரும்பிய ஒருவர், புத்தகத்தின் பெயரைக் கேட்டதுமே சொன்னார்: "சுவாமி, அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் நானும் போனேன்." சற்றுநேரம் யாரும் பேசவில்லை.

கூட்டம் என்றால் தீர்மானத்தோடு முடிய வேண்டும் என்பது எம்போன்ற பணியாளரின் பழக்கம். இங்கே அது வேண்டாம். ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு விதமாகக் கேட்பது குறையல்ல. அவரவர் தம் வாழ்க்கையைக் கொண்டுவந்து அதன் அருகே வைக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கமக்காரரின் கதை நாங்கள் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. காணியையும் உறுதியையும் இழந்த நீங்கள், கிராமத்தின் பெயர், வெட்டிய கிணறு, விதைத்த பயிர், வெளியேறிய ஆண்டு ஆகியவற்றையாவது பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கூடும்போது அதையும் உரக்க வாசியுங்கள்.