அண்டை வீட்டுச் சீட்டு

1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உலகப் பத்திரிகைகளில் வெளியான ஒரு படத்தை நேயர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். இந்தோனேஷியாவின் ஜனாதிபதி சுஹார்த்தோ மேஜையின் மேல் குனிந்து ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். சர்வதேச நாணய நிதியின் தலைவர் மிஷேல் காம்டெஸ்ஸு, பரீட்சை எழுதும் பையனை மேற்பார்வை பார்க்கும் உபாத்தியாயரைப் போல், கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். கடன் கொடுப்பவன் எப்படி நிற்பான், வாங்குபவன் எப்படிக் குனிவான் என்பதை விளக்க இதைவிடச் சிறந்த சித்திரம் வேண்டியதில்லை. கீழ்த்திசை நாடுகள் அந்தப் படத்தை இன்றளவும் மறக்கவில்லை.

நம் பெரியவர்கள் சயாம் என்று சொல்லிவந்த தாய்லாந்தில்தான் அந்த விபத்து தொடங்கிற்று. ஒரு டாலருக்குச் சுமார் 25 பாத் என்று அந்த நாட்டு சர்க்கார் நெடுநாளாக விகிதம் கட்டி வைத்திருந்தது. விகிதம் ஒருநாளும் மாறாது என்று நம்பிய பாங்குகளும் கம்பெனிகளும், குறைந்த வட்டிக்கு டாலரில் குறுகிய காலக் கடன் வாங்கி, பாங்காக் நகரில் அடுக்கு மாளிகைகள் எழுப்பின. மாளிகைகளுக்குக் குடிவர ஆள் இல்லை. கடன் கொடுத்தவர்களோ கதவைத் தட்டினார்கள். கையிலிருந்த டாலரையெல்லாம் விகிதத்தைக் காப்பாற்றவே செலவிட்டுப் பார்த்துவிட்டு, 1997 ஜூலை 2-ந் தேதி சர்க்கார் கையை விட்டது. சுமார் ஆறு மாதத்தில் டாலருக்கு 50 பாத்துக்கு மேல் ஆயிற்று. அதாவது, ஒரு கோடி டாலர் கடன்பட்டவன் 25 கோடி பாத்துக்குப் பதில் 50 கோடிக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. புதிதாக ஒரு காசுகூட அவன் வாங்கவில்லை!

தீ கூரைக்குக் கூரை தாவிற்று. இந்தோனேஷியாவில் நாணய நிதி கொடுத்த யோசனைப்படி 1997 நவம்பரில் ஒரே நாளில் 16 பாங்குகள் மூடப்பட்டன. மற்றப் பாங்குகளும் மூடப்படும் என்று அஞ்சிய ஜனங்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். டாலருக்குச் சுமார் 2,400 ரூபையா என்றிருந்தது பதினாயிரத்தைத் தாண்டிற்று. அடுத்த மே மாதத்தில் எண்ணெய் விலை உயர்த்தப்பட்டதும் கலகம் மூண்டது. முப்பதாண்டுக்கு மேல் அசையாதிருந்த சுஹார்த்தோ 21-ந் தேதி பதவி விலகினார்.

கொரியாவின் கதை இன்னும் உருக்கமானது. 1997 டிசம்பரில் அந்நாட்டிடம் எடுத்துச் செலவிடக்கூடிய அந்நியச் செலாவணி 400 கோடி டாலருக்கும் குறைவாகவே இருந்தது. மொத்தம் 5,800 கோடி டாலர் வரை கடனுதவிக்கு ஏற்பாடாயிற்று. அப்போது சுமார் 35 லட்சம் பேர் வரிசையில் நின்று தங்கள் பொன்னை நாட்டுக்குக் கொடுத்தார்கள். கலியாண மோதிரங்களும், குழந்தையின் முதல் ஆண்டு நிறைவுக்கு உற்றார் போட்ட மோதிரங்களுமாகச் சேர்ந்த பொன் 227 டன். வீட்டிலுள்ள பொன் எளிதில் வெளியே வராது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். கடனில் ஒரு சிறு பங்குக்கே அது போதுமானது என்றாலும், ஒரு ஜனசமூகத்தின் ரோஷத்துக்கு அது அத்தாட்சி.

இத்தனைக்கும் 1997 செப்டம்பரிலேயே ஜப்பான் ஒரு யோசனை சொல்லியிருந்தது. 10,000 கோடி டாலரில் ஆசிய நாடுகளுக்கென்றே ஒரு நிதி வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த யோசனை. அமெரிக்காவும் நாணய நிதியும் எதிர்த்தன, யோசனை கருகிற்று. பட்ட அவமானம் மட்டும் கருகவில்லை. 2000 மே மாதத்தில் ஆசியான் நாடுகள் பத்தும், சீனா, ஜப்பான், கொரியா ஆகிய மூன்றும் சியாங் மாய் நகரில் கூடி, ஆபத்துக் காலத்தில் ஒருவருக்கொருவர் டாலர் கொடுத்து உதவுவதென்று தீர்மானித்தன. 2010-ல் இந்தத் தனித்தனி ஏற்பாடுகள் ஒரே ஒப்பந்தமாகி 12,000 கோடி டாலராயின. பின்னர் அது 24,000 கோடியாக உயர்ந்தது.

நமது ஊர்ப் பாஷையில் சொன்னால் இது ஒரு சீட்டு. ஆனால் விசித்திரமான சீட்டு. முதலாவது, இதில் யாரும் பணம் கட்டவில்லை. "கேட்டால் தருகிறேன்" என்று கையெழுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஓர் அங்கத்தினர் தம் பங்கு முழுவதையும் எடுக்க வேண்டுமானால், நாணய நிதியின் திட்டத்துக்கு உட்பட்டாக வேண்டும். அவ்விதம் உட்படாமல் எடுக்கக்கூடியது ஆதியில் பத்தில் ஒரு பாகம். படிப்படியாக உயர்ந்து 2021-ல் நூற்றுக்கு நாற்பது ஆயிற்று. எந்த வாசலில் போய் நிற்கக்கூடாதென்று சீட்டுச் சேர்ந்தார்களோ, அந்த வாசலிலேயே பாதிக்கு மேற்பட்ட பணத்துக்குச் சாவி இருக்கிறது!

பரீட்சையும் வந்தது. 2008-ல் அமெரிக்க பாங்குகள் சரிந்தபோது கொரியாவும் சிங்கப்பூரும் டாலருக்குத் தவித்தன. அவை அண்டை வீட்டாரின் சீட்டைத் தேடி வரவில்லை. அமெரிக்காவின் மத்திய பாங்கினிடம் ஆளுக்கு 3,000 கோடி டாலருக்கு ஏற்பாடு செய்துகொண்டன. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்திலும் அவ்வாறே. இந்தச் சீட்டிலிருந்து இதுவரை ஒருவரும் ஒரு டாலர்கூட எடுத்ததில்லை.

மாறாக, ஒவ்வொரு நாடும் தன் வீட்டுப் பெட்டியையே நிரப்பிக்கொண்டது. 400 கோடிக்குத் திண்டாடிய கொரியா, 2021-ல் 40,000 கோடிக்கு மேல் வைத்திருந்தது. இது விவேகமல்லவா என்று கேட்கலாம். விவேகந்தான், ஆனால் அதற்கு விலை உண்டு. இவ்வகை இருப்பில் பெரும்பகுதி அமெரிக்க சர்க்காரின் கடன் பத்திரங்களாகக் குறைந்த வட்டிக்கு முடங்கிக் கிடக்கிறது. பள்ளிக்கூடமும் பாலமும் வேண்டியிருக்கும் ஏழை நாடுகள், உலகத்திலேயே பெரிய பணக்காரனுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பதின்மூன்று வீட்டார் ஒரு தீயணைக்கும் யந்திரம் வாங்குவதற்குப் பதிலாக, வீட்டுக்கு வீடு கிணறு வெட்டிய கதையாக இருக்கிறது இது.

காரணம் பணமின்மை அல்ல. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பழைய மனஸ்தாபங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் நூற்றுக்கு 32 வீதம் சரிசமமாகப் பங்கு வைத்ததே அதற்குச் சாட்சி. தவிரவும், கடன் கேட்டு வரும் அண்டை வீட்டானிடம், "உன் செலவு அதிகம், கணக்கைக் காட்டு" என்று முகத்துக்கு நேரே சொல்வது யாருக்கும் சங்கடந்தான். ஆகவே அந்தப் பொல்லாப்பை வாஷிங்டனுக்கு விட்டுவிட்டார்கள். கணக்குப் பார்ப்பதற்கென்று 2011-ல் சிங்கப்பூரில் தாங்களே ஒரு காரியாலயம் ஸ்தாபித்திருக்கிறார்கள். அதன் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து, கொஞ்சமாவது ரொக்கத்தை முன்னதாகக் கட்டி வைத்தாலன்றி, சீட்டு ஏட்டளவிலேதான் நிற்கும் என்பது நமது அபிப்பிராயம்.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. கீழ்த்திசை நாடுகளிடம் முதலாவது இப்போது பெட்டி பெட்டியாக இருக்கிறது. இரண்டாவதை ஒருவரிடம் ஒருவர் காணும் நாள் வரையில், அடுத்த புயல் அடிக்கும்போதும் யாரோ ஒருவர் மேஜையின் மேல் குனியத்தான் வேண்டியிருக்கும்.