கண்ணாடியின் எண்ணும் கருவிழியின் தடிப்பும்

பட்டான்செருவில் எங்கள் அறையில் நாங்கள் மூவர், மூவரும் மூக்குக்கண்ணாடிக்காரர்கள். ஒருத்திக்கு ஊரில் திருமணப் பேச்சு நடக்கிறது. "மாப்பிள்ளை வீட்டார் வருமுன் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடு" என்றார் தாயார். அவளும் சென்றாள். கருவிழியை அளந்த மருத்துவர், "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தேர்வில் தோற்றவள்போல் திரும்பி வந்தாள். "வேறிடத்தில் செய்வார்கள், கேட்டுப் பார்" என்கிறது வீடு. கேட்கலாமா? கூடாது என்பதே என் துணிபு. காரணம் எளிய கணக்கு.

கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் விழியின் முன்புறம் அமைந்த தெளிந்த படலத்தைக் கார்னியா என்பர். அதன் நடுவிடத்துத் தடிப்பு சராசரியாக 540 மைக்ரான். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். லாசிக் முறையில் ஏறக்குறைய 110 மைக்ரான் தடிப்புள்ள ஒரு மடலைச் சீவித் திறந்து, அடியிலுள்ள பகுதியை லேசரால் செதுக்கி, மடலை மூடுகின்றனர். கிட்டப்பார்வைக்கு, 6 மில்லிமீட்டர் அகலத்தில் செதுக்கினால், கண்ணாடி எண் ஒன்றுக்குச் சுமார் 12 மைக்ரான் போகும். எண் 8 என்றால் 96. மூடிய மடல் பழைய வலிமையைத் தராது. விழியின் அழுத்தத்தைத் தாங்குவது எஞ்சிய அடிப்பகுதியே. அது 250 மைக்ரானுக்குக் குறையலாகாது என்பது நெடுநாள் விதி. 300 வேண்டும் என்போரும் உளர்.

எண் 8 உடைய இருவரை எடுத்துக்கொள்வோம். 550 மைக்ரான் உடையவருக்கு 344 எஞ்சும். 470 உடைய என் தோழிக்கோ 264 தான்! கண்ணாடி ஒன்று, கண் வேறு. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி நீள்வதால் வருவது. எண்ணைக் கொண்டு தடிப்பைக் கணிக்க இயலாது. மெலிந்த படலத்தை மேலும் செதுக்கினால், அது நாளடைவில் முன்தள்ளிக் கோணலாகலாம். பிறகு சாதாரணக் கண்ணாடியாலும் பார்வை தெளியாது.

இக்கலைக்கு வித்திட்டோருள் ஒருவர், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் எக்சைமர் லேசரைச் செலுத்தினார். சுற்றிலும் கருகாமல் அது வெட்டுண்டது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவே எடுக்கும் ஒளி அது. அத்தனை அளவறிந்த கருவியை அளவு பாராமல் கண்ணில் பாய்ச்சுவது அறிவாகுமா?

நான் லேசருக்குப் பகையல்லேன். தகுந்த கண்ணுக்கு அது நன்மையே செய்கிறது. ஆனால் செல்லும் நண்பர்கள், கட்டணத்தைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: என் கார்னியாவின் தடிப்பு எவ்வளவு? செதுக்குவது எவ்வளவு? எஞ்சுவது எவ்வளவு? படலத்தின் வடிவத்தையும் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி எண் ஓராண்டேனும் மாறாதிருக்கட்டும். "வேண்டாம்" என்ற மருத்துவர் நம்மைத் தோற்கடித்தவர் அல்லர், காத்தவர்.

மாப்பிள்ளை வீட்டார் என் தோழியைக் கண்ணாடியோடே பார்க்கட்டும். நாளை எந்த வீட்டிற்குச் சென்றாலும், படிக்கவும் எழுதவும் அவளுக்கு வேண்டியது அந்தக் கண் அன்றோ!